குருத்துச் சோளமும் கூடத்தாயிக் கல்லறையும்

நாடகம் எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. கடைசிக் காட்சி என்ன என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். யார் விஷம் வைத்தார்கள், எதில் கலந்தார்கள், ஏன் கலந்தார்கள் என்று எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டுத்தான் அவர் முதல் காட்சிக்கு வருகிறார். உண்மையான கொலை வழக்கில் இந்த வசதி போலீசாருக்கு இல்லை, நீதிபதிக்கு இல்லை, ஆய்வகத்தில் குடுவையோடு நிற்கும் வேதியியலருக்கும் இல்லை.

2020 ஜனவரியில் கேரளத்தின் ஃப்ளவர்ஸ் தொலைக்காட்சி ‘கூடத்தாயி’ என்ற தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. கோழிக்கோடு மாவட்டத்துக் கூடத்தாயி கிராமத்தில் நடந்த உண்மைச் சம்பவங்கள்தான் அதன் கரு. அங்கே 2002 முதல் 2016 வரை ஒரே குடும்பத்தையும் அதன் உறவுகளையும் சேர்ந்த ஆறு பேர் இறந்திருந்தார்கள். பதினான்கு ஆண்டுகளில் பரவி நடந்ததால் ஒவ்வொரு சாவும் தனிச் சாவாகவே போயிற்று. 2011இல் இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை நடந்தது. அவர் உடலில் சயனைடு இருந்தது. தற்கொலை என்று கோப்பை மூடிவிட்டார்கள். வெளிநாட்டில் வாழ்ந்த உறவினர் ஒருவர் கொடுத்த புகாரால் 2019இல் எல்லாம் மறுபடி கிளறப்பட்டது. அக்டோபர் 4ஆம் தேதி கல்லறைகளைத் தோண்டினார்கள். மறுநாள் அந்த வீட்டு மருமகள் கைதானார். நான்கு மாதம்கூட ஆகவில்லை, தொடர் திரைக்கு வந்துவிட்டது. வழக்கின் சாட்சி ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இரண்டு வாரங்களுக்கு ஒளிபரப்பை நிறுத்திவைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

சாட்சி விசாரணை தொடங்கியதோ 2023இல்தான். அதே ஆண்டு பிப்ரவரியில் ஹைதராபாத்தில் உள்ள மத்திய தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கை வெளியே வந்தது. தோண்டி எடுத்த நான்கு பேரின் எச்சங்களில் சயனைடு தென்படவில்லை என்றது அந்த அறிக்கை.

நாடகம் பார்த்துப் பழகிய மனசு இதைப் படித்ததும் இரண்டு பக்கமும் பாயும். அப்படியானால் கொலையே நடக்கவில்லையா? அல்லது ஆய்வகம் கோட்டை விட்டுவிட்டதா? அந்த அறிக்கையிலிருந்து இரண்டில் எதையும் முடிவு கட்ட முடியாது. ஏன் முடியாது என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள மானாவாரிச் சோளக்காட்டுக்குப் போனால் போதும்.

காட்டில் விளையும் நஞ்சு

வேடசந்தூர், குஜிலியம்பாறை, வடமதுரை, ஒட்டன்சத்திரம் பக்கம் கால்நடை வளர்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் பாலபாடம். மழையை நம்பி விதைத்த சோளம் முளைத்து, முழங்கால் உயரம் வந்த நேரத்தில் மழை ஏமாற்றிவிட்டால், வாடி நிற்கும் அந்தப் பயிரில் மாட்டை விடக் கூடாது. அறுத்த கட்டையிலிருந்து தழைத்து வரும் மறுதாம்பிலும் விடக் கூடாது. கட்டறுத்துக்கொண்டு போய் மேய்ந்த மாடு சில நிமிடங்களில் தள்ளாடும், மூச்சு இரைக்கும், நுரை தள்ளும், கால்களை வெட்டி இழுத்தபடி விழும். கால்நடை மருத்துவர் நேரத்துக்கு வந்து சேராவிட்டால் மாடு போய்விடும்.

அந்த மாட்டைக் கொன்றது சயனைடு. கூடத்தாயி வழக்கின் குற்றப்பத்திரிகையில் உள்ள அதே சயனைடு. சோளப்பயிர் அதைத் தன் இலையிலேயே செய்துகொள்கிறது.

செய்கிற விதம்தான் அதிசயம். சோளத்தின் இலையில் டூரின் என்ற ஒரு சர்க்கரைக் கூட்டுப்பொருள் இருக்கிறது. அதற்குள் சயனைடு மறைந்திருக்கிறது; அந்த நிலையில் அது யாருக்கும் கெடுதல் செய்யாது. அதை உடைக்கும் நொதியும் அதே இலையில் இருக்கிறது. ஆனால் இரண்டையும் பயிர் வெவ்வேறு அறைகளில் வைத்திருக்கிறது. டூரின் மேல்தோல் செல்களின் நீர்ப்பைகளில் கிடக்கும். நொதி உள்ளடுக்குச் செல்களின் பசுங்கணிகங்களில் கிடக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் தனித்தனியே கிடக்கும்வரை ஒன்று மஞ்சள், மற்றது வெள்ளை. சேர்த்துக் குழைத்த கணத்தில்தான் ஆரத்தியின் சிவப்பு பிறக்கிறது. சோள இலையிலும் அப்படியே. மாடு கடித்து மெல்லும்போது அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது.

மாட்டின் வயிறும் இதற்குத் துணை போய்விடுகிறது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் அமிலம் குறைவு, நுண்ணுயிர்கள் ஏராளம். அந்த நுண்ணுயிர்கள் டூரினை வேகமாக உடைத்துப் போடுகின்றன. குதிரைக்கும் பன்றிக்கும் வயிற்றில் அமிலம் அதிகம் என்பதால் நொதியின் வேலை தடைப்படும். அவற்றுக்கு ஆபத்து குறைவு. நம் ஊரில் மாடும் ஆடும்தான் மாட்டிக்கொள்கின்றன.

சோளத்துக்கு எதற்கு இந்த நஞ்சு? ஓட முடியாத உயிருக்குத் தற்காப்பு வேண்டும், அதற்குத்தான். இதைச் சோதித்துப் பார்த்த டென்மார்க் விஞ்ஞானிகள், டூரினைச் செய்யும் மரபணுக்களைக் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் புகுத்தினார்கள். அதுவரை அந்தச் செடியைக் கடித்துத் தின்ற வண்டு பின்வாங்கியது. 2001இல் அந்த முடிவை வெளியிட்டார்கள். இளங்குருத்துக்கு எதிரிகள் அதிகம் என்பதால் அங்கே நஞ்சும் அதிகம். பயிர் முற்ற முற்ற அளவு குறையும். பூத்த பிறகு அறுத்த தட்டையில் பயம் குறைவு. நாம் உண்ணும் முற்றிய சோளமணியில் அது இல்லை என்றே சொல்லலாம்.

இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. அறுத்த பயிரை வெயிலில் நன்றாகக் காயவைத்தால் நஞ்சு பெருமளவு போய்விடுகிறது. வாடும்போது அறைகள் சிதைந்து சயனைடு வெளிப்பட்டு, காற்றோடு கலந்துவிடுகிறது. ஹைட்ரஜன் சயனைடு ஏறத்தாழ 26 டிகிரி செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும் பொருள். திண்டுக்கல் வெயிலில் அது திரவமாக நிற்கவே முடியாது. போரில் அடுக்கிய காய்ந்த சோளத்தட்டையை மாடு கோடை முழுக்கத் தின்று நலமாக இருப்பதற்கு அதுதான் காரணம். நிலைத்து நிற்காத நஞ்சு இது. இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ரத்தத்தில் மூச்சு இருக்கிறது, உயிர் இல்லை

கழுத்தை நெரித்தால் நுரையீரலுக்குக் காற்று போகாது. தண்ணீரில் மூழ்கினாலும் அப்படித்தான். சயனைடு கொல்லும் விதம் இவற்றிலிருந்து முழுக்க வேறு. காற்று உள்ளே போகிறது. நுரையீரல் வேலை செய்கிறது. ரத்தம் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் ஓடுகிறது. எல்லாம் சரியாக நடந்தும் உடல் மூச்சுமுட்டிச் சாகிறது.

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. சாப்பாட்டிலிருந்து கிடைத்த எலக்ட்ரான்கள் அங்கே கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேரும்போதுதான் உடலுக்குச் சக்தி பிறக்கிறது. அந்தக் கடைசிக் கைமாற்றத்தைச் செய்யும் நொதிக்கு சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்று பெயர். அதன் நடுவில் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சு முழுவதும் கடைசியில் போய்த் தொட வேண்டிய இடம் அது. சயனைடு அந்த இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜனுக்கு இடம் இல்லாமல் போகிறது. கைமாற்றம் முழுவதும் நின்றுவிடுகிறது. சக்தி அதிகம் தேவைப்படும் மூளையும் இதயமும் முதலில் தளர்கின்றன. உயிர் மூச்சின் மையத்தில் ஓர் இரும்பு நொதி இருக்கிறது என்பதைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஓட்டோ வார்பர்க், சயனைடும் கார்பன் மோனாக்சைடும் செல்லின் சுவாசத்தை எப்படித் தடுக்கின்றன என்று ஆராய்ந்துதான் அந்த முடிவுக்கு வந்தார். 1931இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொல்லும் பொருளே வாழ்வின் இயக்கத்தைக் காட்டிக்கொடுத்தது.

இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. வழக்கமாகச் சிரைகளில் திரும்பும் ரத்தம் கறுத்திருக்கும். ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வருவதால். சயனைடு தாக்கிய உடலில் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ள ஆளில்லை. சிரை ரத்தமும் பளிச்சென்ற சிவப்பாகவே திரும்பி வருகிறது. பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவருக்கு அது ஓர் எச்சரிக்கை. இன்னொரு தடயம் கசப்பு வாதுமையின் வாசனை. நாடகங்களில் துப்பறிகிறவர் கோப்பையை முகர்ந்ததுமே ‘சயனைடு’ என்று அறிவித்துவிடுவார். நடைமுறையில் அந்த வாசனையை நுகரும் திறனே பலருக்குப் பிறவியிலிருந்து கிடையாது. மேசையருகே நிற்கும் மருத்துவர் அந்தப் பலரில் ஒருவராக இருக்கலாம்.

குற்றக்கதைகளில் இந்த நஞ்சை நம்பகமாக எழுதியவர் அகதா கிறிஸ்டி. முதல் உலகப் போர்க் காலத்தில் மருத்துவமனையின் மருந்து வழங்கும் அறையில் வேலை பார்த்து, அதற்கான தேர்வும் எழுதித் தேறியவர் அவர். 1945இல் சயனைடைத் தலைப்பிலேயே வைத்து ஒரு நாவல் எழுதினார். மருந்துக்கடை அனுபவம் அவர் எழுத்துக்கு அளவு தெரிந்த ஒழுங்கைக் கொடுத்தது. இன்றைய தொடர்களில் காணாமல் போனது அந்த அளவுதான்.

கந்தகம் என்ற காவல்

சயனைடு என்றால் தொட்டதும் சாவு என்றுதான் திரை நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆனால் சிறு அளவுச் சயனைடு நாள்தோறும் நம் உடலுக்குள் வந்து போய்க்கொண்டிருக்கிறது. மரவள்ளிக் கிழங்கில் டூரினின் உறவான லினமாரின் இருக்கிறது. ஆப்பிள் விதையில் வேறொரு உறவு இருக்கிறது. பீடி, சிகரெட் புகையில் சயனைடே இருக்கிறது. இவற்றைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு உடலுக்குள் உண்டு. முக்கியமாகக் கல்லீரலில், ரோடனீஸ் என்ற நொதி சயனைடின் மேல் ஒரு கந்தக அணுவைக் கோத்துவிடுகிறது. சயனைடு தயோசயனேட் ஆகிவிடுகிறது. வீரியம் அடங்கிப்போன அந்தப் பொருள் சிறுநீரோடு வெளியேறுகிறது.

இந்தக் காவலுக்குத் தேவையான கந்தகம் நாம் உண்ணும் புரதத்திலிருந்து வருகிறது. புரதம் இல்லாத வயிற்றுக்குக் காவலும் இல்லை. இதை உலகம் ஒரு துயரத்தின் வழியே கற்றுக்கொண்டது. 1981இல் மொசாம்பிக் நாட்டில் கடும் வறட்சி. வறட்சியில் விளைந்த கசப்பு மரவள்ளியை ஊறவைக்கவும் காயவைக்கவும் நேரமில்லாமல் மக்கள் உண்டார்கள். தொட்டுக்கொள்ளப் பருப்போ மீனோ கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், திடீரென்று கால்கள் செயலிழந்தன. அங்கே பணியாற்றிய இளம் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் அந்த நோயின் காரணத்தைத் தேடினார். கொன்சோ என்று பெயர் பெற்ற அந்த நோய்க்குப் பின்னால் சயனைடும், கந்தகம் இல்லாத பசித்த உடலும் சேர்ந்து நின்றன. யாரும் விஷம் வைக்காமலே நடந்த பெருங்கொடுமை அது. அதை வைத்து எந்தத் தொலைக்காட்சியும் தொடர் எடுக்கவில்லையே என்பது எனக்கு உறுத்துகிறது.

கந்தகத்தின் கதை மறுபடியும் நம் சோளக்காட்டுக்கு வருகிறது. சோளம் தின்று விழுந்த மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் சோடியம் தயோசல்பேட் செலுத்துகிறார். புகைப்படச் சுருள் காலத்து ஸ்டூடியோக்களில் ‘ஹைப்போ’ என்று வழங்கிய உப்புதான் அது. ரோடனீஸுக்குக் கைநிறையக் கந்தகம் கொடுக்கும் வழி. அதோடு சோடியம் நைட்ரைட்டும் சேர்வதுண்டு. நைட்ரைட், ரத்தத்தில் உள்ள இரும்பின் ஒரு பகுதியை மாற்றிச் சயனைடுக்கு ஒரு பொய் இலக்கை உருவாக்குகிறது. சயனைடு செல்லுக்குள் இருக்கும் இரும்பை விட்டுவிட்டு ரத்தத்தின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது; அங்கிருந்து கந்தகம் அதை மெல்லக் கழற்றுகிறது. இந்த இரட்டை மருத்துவத்தை 1930களில் வகுத்தவர் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருந்தியலர் கோ குவெய் சென். மனிதருக்காகவும் மாட்டுக்காகவும் அது இன்றுவரை நிற்கிறது.

அடுத்து வந்த மருந்து இன்னும் வியப்பு. ஹைட்ராக்சோகோபாலமின் என்ற பொருளின் நடுவே ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. கோபால்ட்டுக்குச் சயனைடு மேல் தீராத பிரியம். ஊசியில் ஏற்றியதும் அது சயனைடை இறுகப் பிடித்து, சயனோகோபாலமினாக மாறிவிடுகிறது. சயனோகோபாலமின் என்பது நம் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் பி12 வைட்டமின் மாத்திரையேதான். கொலைகார நஞ்சைப் பிடித்துக் கட்டியதும் மிஞ்சுவது ஒரு வைட்டமின். டோரதி ஹாட்ஜ்கின் 1956இல் அந்த மூலக்கூற்றின் கட்டமைப்பை எக்ஸ் கதிர் கொண்டு முழுமையாக வரைந்து காட்டினார். 1964இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு பொருள் எதோடு கட்டுண்டு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது நஞ்சா, மருந்தா என்று முடிவாகிறது.

கல்லறை ஏன் காலியாக இருந்தது

கூடத்தாயிக் கல்லறைகளுக்கு இப்போது திரும்பலாம். காய்ந்த தட்டையை மாட்டுக்கு உணவாக்கும் அதே குணம், புதைத்த உடலில் சாட்சியத்தைக் கலைத்துவிடுகிறது. இறந்தவரின் உடலில் இருக்கும் சயனைடில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு பகுதி தயோசயனேட்டாக மாறுகிறது. இன்னொரு பகுதி திசுக்களோடு வினைபுரிந்து அடையாளம் தெரியாமல் போகிறது. இதெல்லாம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கிற வேலை. அந்தக் கல்லறைகளில் சில, பத்தாண்டுக்கும் மேலாக மண்ணுக்குள் இருந்தவை.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. உடல் அழுகும்போது சில பாக்டீரியாக்கள் தாமே சிறிது சயனைடை உண்டாக்குகின்றன. தீ விபத்தில் மெத்தையும் கம்பளியும் எரிந்த புகையைச் சுவாசித்து இறந்தவரின் ரத்தத்திலும் சயனைடு இருக்கும். ஆகவே பழைய உடலில் சயனைடு இல்லை என்றால் விஷம் கொடுக்கப்படவில்லை என்று பொருளாகாது. இருக்கிறது என்றால் விஷம் கொடுக்கப்பட்டது என்றும் பொருளாகாது. எவ்வளவு, எந்த உறுப்பில், எத்தனை நாள் கழித்து, எப்படிப் பாதுகாத்த மாதிரியில் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் ஒரு தடய வேதியியலர் வாய் திறப்பார். இரைப்பை, கல்லீரல், மண்ணீரல், ரத்தம் ஆகியவற்றைக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்துக் குளிரில் வைத்து விரைவாக ஆய்வகம் சேர்க்க வேண்டும் என்று பாடநூல்கள் வலியுறுத்துவது இதனால்தான். அந்தக் குடும்பத்தில் 2011இல் நடந்த பிரேதப் பரிசோதனையின் மதிப்பு இங்கே விளங்குகிறது. புதைப்பதற்கு முன் எடுத்த மாதிரி சொன்னதை, கல்லறையிலிருந்து பின்னாளில் எடுத்த மாதிரியால் சொல்ல முடிவதில்லை.

ஆர்சனிக் இதற்கு நேர் எதிர். அது தனிமம், அதை உடைக்க எதனாலும் முடியாது. முடியிலும் நகத்திலும் எலும்பிலும் படிந்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கில வேதியியலர் அதைக் கண்டுபிடிக்கும் நுண்ணிய சோதனையை வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், 1840இல், பிரான்சில் கணவருக்கு ஆர்சனிக் கொடுத்ததாக மேரி லஃபார்ஜ் என்ற இளம்பெண் மீது வழக்கு நடந்தது. உள்ளூர் வேதியியலர்கள் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். பாரிசிலிருந்து வரவழைக்கப்பட்ட மத்தேயு ஓர்ஃபிலா தோண்டி எடுத்த உடலில் ஆர்சனிக் இருப்பதைக் காட்டினார்; கல்லறை மண்ணிலிருந்து அது வந்திருக்கலாமோ என்று மண்ணையும் சோதித்தார். ஐரோப்பா முழுக்கச் செய்தித்தாள்கள் அந்த வழக்கை நாள்தோறும் தொடர்கதை போல வெளியிட்டன. நீதிமன்றத்தையும் பொழுதுபோக்கையும் பிரித்துப் பார்ப்பது அன்றைக்கே கடினமாகிவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் மூத்த இடம் உண்டு. சந்தேகச் சாவுகளில் நஞ்சு தேடுவதற்காக இந்தியாவிலேயே முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் சென்னையில்தான் 1849இல் தொடங்கியது. ஆர்சனிக், அபின், ஊமத்தை, அரளி என்று நம் மண்ணின் நஞ்சுகளைத் தேடித் தேடி வளர்ந்த மரபு அது. செய்தித்தாளில் ‘உள்ளுறுப்புகள் ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன’ என்று ஒற்றை வரியில் படித்துக் கடந்துவிடுகிறோமே, அந்த வரிக்குப் பின்னால் ஒன்றே முக்கால் நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது.

சயனைடைத் தேடும் பழைய சோதனைகளில் ஒன்று மிக அழகானது. மாதிரியிலிருந்து பிரித்த சாற்றோடு இரும்பு உப்பைச் சேர்த்துப் பக்குவம் செய்தால், சயனைடு இருக்கும் இடத்தில் அடர்நீலம் பூக்கும். அந்த நீலத்துக்கு பிரஷ்ய நீலம் என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் சாயம் காய்ச்சும்போது தற்செயலாகக் கிடைத்த நிறம் அது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை ஓவியத்தில் இருப்பது அந்த நீலம். பொறியாளர்களின் பழைய புளூபிரிண்ட் தாளில் இருந்ததும் அதே. சயனைடு என்ற பொருளே உலகுக்கு இந்த நீலத்திலிருந்துதான் தெரியவந்தது: 1782இல் கார்ல் ஷீலே இதைக் காய்ச்சி அந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இந்த நிறமிக்குள் சயனைடு இரும்போடு அவ்வளவு இறுகக் கட்டுண்டிருப்பதால் அது யாரையும் கொல்வதில்லை. தாலியம் என்ற நச்சு உலோகம் உடலில் சேர்ந்தவர்களுக்கு இதே பிரஷ்ய நீலத்தை மருந்தாகவே கொடுக்கிறார்கள்.

வால் நட்சத்திரத்திலும் உண்டு

நஞ்சைப் பற்றிய பயத்தைப் பொழுதுபோக்காக்கும் பழக்கம் தொலைக்காட்சியோடு பிறந்ததும் அல்ல. 1910இல் ஹாலி வால் நட்சத்திரம் வந்தபோது அதன் வாலில் சயனோஜன் வாயு இருப்பதை நிறமாலைக் கருவி காட்டியது. மே மாதத்தில் பூமி அந்த வாலுக்குள் புகுந்து கடக்கும் என்பதும் தெரிந்தது. உலகமே மூச்சுமுட்டிச் சாகப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. வால் நட்சத்திரத்திலிருந்து காக்கும் மாத்திரை என்று சிலர் விற்றுக் காசு பார்த்தார்கள். பூமி கடந்து வந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாலின் வாயு அவ்வளவு மெலிது. நிறமாலை சொன்னது உண்மை. அந்த உண்மையோடு அளவைச் சேர்த்துச் சொல்லாததுதான் பிழை.

ஐம்பது ஆண்டு கழித்து, 1960இல், ஜுவான் ஓரோ என்ற உயிர்வேதியியலர் வெளியிட்ட முடிவு அந்தப் பயத்தைத் தலைகீழாக்கியது. அவர் ஹைட்ரஜன் சயனைடையும் அம்மோனியாவையும் நீரில் சேர்த்துச் சூடாக்கினார். கலவையில் அடினின் உருவாகியிருந்தது. நம் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று அடினின். அணுக்களை எண்ணிப் பார்த்தால் கணக்கு துல்லியமாகப் பொருந்தும்: ஐந்து கார்பன், ஐந்து ஹைட்ரஜன், ஐந்து நைட்ரஜன். ஐந்து சயனைடு மூலக்கூறுகள் சேர்ந்தால் ஓர் அடினின். உயிர் தோன்றுவதற்கு முந்தைய பூமியில் உயிரின் செங்கற்களைச் சுட்ட பொருள்களில் ஒன்று சயனைடாக இருக்கலாம் என்று இன்றும் பல ஆய்வாளர்கள் அந்தத் தடத்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள். மூச்சை நிறுத்தும் பொருளுக்கு உயிரைத் தொடங்கி வைத்ததிலும் பங்கிருக்கக்கூடும்.

நாடகம் கற்றுக்கொள்ள வேண்டியது

உண்மைக் கொலைகளை நாடகமாக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சமூகம் தன் காயத்தைப் பார்த்துக்கொள்ளக் கதை வேண்டும். தமிழில் இதற்கு ஒரு முன்வரலாறும் இருக்கிறது. 1980களின் இறுதியில் சென்னைத் திருவான்மியூரில் நடந்த தொடர்கொலைகளுக்காக ஆட்டோ சங்கர் 1995இல் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை வெளியிட ‘நக்கீரன்’ முனைந்தபோது அதிகாரிகள் எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994இல் வந்த ராஜகோபால் வழக்கின் தீர்ப்பு இந்திய சட்டத்தில் ஒரு மைல்கல். பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதைத் தாண்டி ஒருவரின் அந்தரங்க வாழ்வுக்குள் அவர் சம்மதமின்றி நுழைந்தால் பொறுப்பேற்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு எல்லை போட்டது. அதே கதை 2019இல் ஜீ5 தளத்தில் இணையத் தொடராக வந்தது. அதற்குள் தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. கூடத்தாயிக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை.

அந்த இடைவெளி எதற்கு என்பதைச் சயனைடு தெளிவாகக் காட்டுகிறது. இந்த நஞ்சைப் பற்றிய எந்த உண்மையும் தனியாக நின்று பேசாது. குருத்தா, முற்றியதா, பச்சையா, காய்ந்ததா, இரும்போடு இருக்கிறதா, கோபால்ட்டோடு இருக்கிறதா, இன்று எடுத்த மாதிரியா, பத்தாண்டு கழித்தா என்று கேட்டுக் கேட்டுத்தான் பொருள் கொள்ள வேண்டும். ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று ஓர் ஆய்வகம் கையெழுத்திட்டுக் கொடுப்பது தோல்வி ஆகாது. அரசுத் தரப்புக்கு உதவாத முடிவு என்று தெரிந்தும், ஊர் முழுக்க வேறு முடிவை நம்பிக்கொண்டிருந்தும், குடுவையில் நீலம் பூக்காதபோது பூக்கவில்லை என்று எழுதுவதுதான் அந்த வேலையின் அறம். இனி மற்றச் சாட்சியங்களை எடைபோட்டு முடிவு சொல்வது நீதிமன்றத்தின் வேலை.

விசாரணை முடியும் முன்பே கொலையாளியை முகத்தோடு காட்டிவிடும் தொடர் இரண்டு பேருக்கு அநீதி செய்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதியாக இருந்தால் அவருக்கு. குற்றவாளியாகவே இருந்தால், இறந்தவர்களுக்கு. சாட்சிகளின் நினைவில் நடிகர்களின் முகம் கலந்துவிட்டால் தண்டனை பெற்றுத்தரும் சாட்சியமும் அல்லவா கலங்கிப்போகும்? எழுதுகிறவர்கள் தீர்ப்பு வரை காத்திருக்கட்டும். வந்த பின் எடுக்கும் தொடரில் ஆய்வகத்துக்கும் ஒரு பாத்திரம் கொடுக்கட்டும். ஒரே நொடியில் விடை சொல்லும் மாயக்காரராக அல்லாமல், தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லும் மனிதராக அவரைக் காட்டட்டும். கிராமத்தில் திடீர்ச் சாவு நேரும்போது ‘வேண்டாம் சார், அறுத்துப் பார்க்க வேண்டாம்’ என்று பிரேதப் பரிசோதனையைத் தடுக்கும் உறவினர்களிடம், அந்தச் சில மணி நேரத்தை விட்டால் பிறகு எந்தக் கல்லறையும் பதில் சொல்லாது என்பதை அந்தத் தொடர் எடுத்துச் சொல்லட்டும். அப்படி ஒரு தொடர் தமிழில் வந்தால், அதைப் பார்த்த ஒரு குடும்பமாவது அடுத்த முறை மருத்துவரிடம் ‘பரிசோதனை செய்யுங்கள்’ என்று கேட்கும். ஆறு சாவுகளில் முதல் சாவிலேயே அந்தக் கேள்வி எழுந்திருந்தால், மற்ற ஐந்தைப் பற்றிய சந்தேகத்துக்கு இத்தனை ஆண்டுகள் பதில் தேட வேண்டியிருந்திருக்காது.